விஷமே முதலாக: இருளர் இளைஞரும் ஒரு கூட்டுறவுச் சங்கமும்

பாம்புத் தோல் ஏற்றுமதியை இந்திய அரசு 1976-ஆம் ஆண்டில் அடியோடு தடை செய்தபோது, அந்த ஆணையால் சென்னையிலும் பிற துறைமுகப் பட்டினங்களிலும் தோல் மண்டி வைத்திருந்த வியாபாரிகள் பெரிதாக நலிந்துவிடவில்லை. அவர்களுக்கு வேறு தோல் இருந்தது, வேறு சரக்கு இருந்தது. செங்கற்பட்டு வட்டாரத்து ஏரிக்கரைகளிலும் முட்புதர்களிலும் வரப்புகளிலும் பாம்பின் தடம் தேடித் திரிந்து, பிடித்ததை உரித்து, மண்டிக்காரரின் ஆள் கொடுத்த சில ரூபாயைக் கொண்டு அன்றன்றைக்கு உலை வைத்துவந்த இருளர்களே அதன் முழுப் பாரத்தையும் சுமந்தனர்.

தடை நியாயமானதே. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கத்தோடு அது இசைந்திருந்தது. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான தோல்கள் கப்பலேறிக்கொண்டிருந்த நிலையில், வயலெலியை அடக்கிவைக்கும் பாம்பினமே அருகிவிடும் என்ற அச்சம் வீணானதன்று. ஆயினும் ஒரு சமூகத்தின் பரம்பரை வித்தையைச் சட்டவிரோதமென்று ஒரே நாளில் அறிவித்துவிட்டு, அந்த வித்தையே ஜீவனமாகக் கொண்டவர்கள் மறுநாள் எதை உண்பார்கள் என்று கேளாதிருப்பது நம் நிர்வாகத்துக்குப் புதிய வழக்கமுமன்று. அதைக் கேட்டவர்களுள் முதன்மையானவர் ரோமுலஸ் விட்டேகர். சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவியவரும், மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் 1976-இல் முதலைப் பண்ணை தோன்றக் காரணமாயிருந்தவருமான அவர், பாம்பைப் பற்றித் தாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதியை இருளர்களோடு காடு மேடெல்லாம் நடந்தே கற்றிருந்தார். செத்த பாம்பின் தோல் ஒரு முறைதான் விலை போகும். உயிரோடு பிடித்த பாம்பின் விஷமோ, மருந்து செய்வோருக்கு இன்றியமையாத பண்டமாதலால், பாம்பையும் காத்து மனிதனுக்கும் சோறிடும் என்ற எளிய கணக்கின்மேல், இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் பதிவாயிற்று. பதிவான பின்னும், விஷம் எடுப்பதற்கான அரசு அநுமதிக்காகச் சில ஆண்டுகள் அது காத்திருக்க நேர்ந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்வது நலம். பின்னர் சொல்லப்போகும் சங்கதிக்கு அது தேவைப்படும்.

பழங்குடி இளைஞர்களைத் தொழில் முனைவோராக்க வேண்டும் என்ற பேச்சு இக்காலத்தில் எங்கும் கேட்கிறது. அரசுத் துறைகளும் தொண்டு நிறுவனங்களும் அதற்கு வைத்திருக்கும் உபாயம் பெரும்பாலும் ஒன்றே: சில நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு கடன். இந்த உபாயத்தில் குற்றம் காண்பது எளிது, அதை நான் செய்ய முற்படவில்லை. ஆனால் வடநெம்மேலியில் இயங்கும் இந்த இருளர் சங்கம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு நிலைத்ததற்குப் பயிற்சி காரணமன்று, ஏனெனில் அங்கே பயிற்சி பெற வேண்டியிருந்தவர்கள் அதிகாரிகளே; கடனும் காரணமன்று. கைவசமிருந்த வித்தைக்குச் சட்டம் ஓர் இடம் தந்ததும், அந்த வித்தையின் பயனை வாங்கக் கை தயாராயிருந்ததுமே அதை நிற்க வைத்தன. மூன்றாவதாக ஒன்று வேண்டியிருந்தது: நிர்வாகம் அச்சமூகத்தின் சொந்தக் கைக்கு வருவது. அது முழுமையாகக் கைகூடவில்லை; இன்றைய இருளர் இளைஞன் தன் தந்தையின் சங்கத்தைவிட்டு விலகி நிற்பதற்கு அந்தக் குறையே பெருங் காரணமென்பது என் அபிப்பிராயம்.

முதலில் அந்த வித்தையைப் பார்ப்போம். ஒரு வளையின் வாயில் சிலந்திவலை அறுபடாமல் இருந்தால் அன்று அதனுள் எதுவும் புகவில்லை என்று கடந்து போவதும், வாயின் ஓரத்து மண் வழவழத்திருந்தால் குனிந்து பார்ப்பதும், உரித்துப்போட்ட சட்டையின் ஒரு துணுக்கைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அது நாகத்தினுடையதா சாரையினுடையதா என்று சொல்வதும், வெண்ணிற எச்சத்தின் ஈரத்தைக் கொண்டு பாம்பு எவ்வளவு தொலைவில் இருக்கக்கூடும் என்று மதிப்பதும் இருளருக்கு இயல்பாய் வருபவை. ஆயுதமென்று சொன்னால் ஒரு கடப்பாரையும் ஒரு துணிப்பையும்தான். வளையை ஒட்டி மண்ணைச் சிறிது சிறிதாகப் பெயர்த்து, வால் தென்பட்டதும் அவசரமின்றிப் பற்றி, தலை தம் பக்கம் திரும்பாத கோணத்தில் வெளியே இழுத்துப் பைக்குள் நழுவவிடும்போது, அருகில் நிற்பவருக்கு நடுக்கம் எடுக்குமேயன்றிப் பிடிப்பவரின் முகத்தில் ஒரு மாறுதலும் தெரியாது. பெண்களும் இதில் சளைத்தவரல்லர். கணவனும் மனைவியுமாகத் தேடிச் செல்வது சாதாரணம். இதற்குப் பாடபுத்தகம் கிடையாது. தந்தையோடு நடந்த சிறுவன், தந்தை எங்கே நின்றார், எதைத் தாண்டிப் போனார் என்பதைப் பார்த்துப் பார்த்தே கற்றான்.

பிடித்த பாம்பு சங்கத்துக்கு வந்ததும் ஒரு மண்பானைக்குள் மணலின்மேல் விடப்படுகிறது. பானையின் வாய் காற்றுப் புகும்படியாகத் துணியால் இறுகக் கட்டப்பட்டு, உள்ளே இருப்பது இன்னது, வந்த நாள் இன்னது என்று குறிக்கப்படுகிறது. ஏறத்தாழ மூன்று வாரம் அது அங்கே இருக்கும். வாரத்துக்கு ஒருமுறையாகச் சுமார் நான்கு தடவை விஷம் எடுப்பார்கள். கண்ணாடிக் குவளையின் வாயில் மெல்லிய சவ்வைக் கட்டி, பாம்பின் தலையைப் பிடித்து அதன்மேல் பல்லைப் பதியச் செய்ய, மஞ்சள் சாயலுள்ள சில துளிகள் உட்புறமாக வழிகின்றன. பின்பு உறைநிலையில் உலர்த்தப்பட்டுப் பொடியாகும் அந்தத் துளிகளே இத்தனை பேருடைய ஜீவனத்துக்கும் ஆதாரம். தவணை முடிந்த பாம்பின் வயிற்றுச் செதிளில் சிறு அடையாளமிட்டுத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் மறையும்வரை அதைப் பிடித்தவர் மீண்டும் விட்டுவிடவேண்டும் என்பது விதி. விஷம் எடுப்பதைக் காணக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வரும் சுற்றுலாப் பயணிகள் கட்டணம் செலுத்துவதும் சங்கத்துக்கு ஒரு வரவு.

இந்தியாவில் பாம்புக்கடியால் நேரும் மரணங்களுள் மிகப் பெரும்பாலானவை நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கினால் நிகழ்பவை. விஷமுறிவு மருந்தும் இந்நான்கின் விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் குருதியில் விளையும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தே செய்யப்படுகிறது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்நாட்டில் ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் மாள்வதாக மதிப்பிட்டது. இவர்களுள் பெரும்பாலோர் கிராமவாசிகள், ஏழைகள். அத்தகையோருக்காகத் தயாராகும் மருந்துக்கு வேண்டிய விஷத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு, 300-க்கும் மேற்பட்ட உறுப்பினரைக் கொண்ட இந்த ஒரே சங்கத்திலிருந்து போவதாகக் கணக்கிடுகிறார்கள். ஊருக்கு வெளியே, பட்டா இல்லாத புறம்போக்கில், ஓலைக் குடிசையில் ஒதுக்கிவைக்கப்பட்ட ஜனங்கள் ஒரு தேசத்தின் உயிர்காக்கும் மருந்துக்கு மூலப்பொருள் தருகிறார்கள் என்பதைப் பிறர் எடுத்துச் சொல்லி அவர்கள் அறிய வேண்டியதில்லை. அறிய வேண்டியவர்கள் வேறு பலர்.

இனி, சட்டம் தந்த இடம் எத்தகையது என்று நோக்கவேண்டும். இச்சங்கத்தின் உற்பத்திக்கு எல்லை வகுப்பது சந்தையோ உழைப்போ அன்று. வனத்துறையின் அநுமதிப் பத்திரம். இந்த மாவட்டங்களில், இந்தக் காலத்துக்குள், இந்த இனத்தில் இத்தனை பாம்பு என்று எண்ணி வரையறுத்து அது வழங்கப்படுகிறது. அநுமதி தாமதமான ஆண்டுகளும், எண்ணிக்கை குறைக்கப்பட்ட ஆண்டுகளும் உண்டு. அத்தகைய ஆண்டில் கையில் கடப்பாரையும் கண்ணில் தடமும் இருந்தும் பாம்பைத் தொட முடியாமல் இருளர் மரம் வெட்டவோ சவுக்குத் தோப்புக் கூலிக்கோ செல்கிறார்கள். பாதுகாப்பின் பொருட்டு வரம்பு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் கோப்பு புதிதாகப் பிறந்து, மேசை மேசையாக நகர்ந்து, காலம் கடந்து திரும்பும் முறையில், எந்த இளைஞன்தான் பத்து ஆண்டுக்குத் தன் வாழ்க்கையைத் திட்டமிடுவான்? வங்கிக்காரர்தாம் எதை நம்பிக் கடன் தருவார்? தொழில் முனைவு என்பதற்கு அடிப்படையே நாளையைப் பற்றிய ஒரு நிச்சயம்.

இதே மாநிலத்தில், நீலகிரியில், வேறொரு சித்திரம் காணக்கிடைக்கிறது. குறும்பரும் இருளரும் பிற பழங்குடியினரும் பாறைத் தேனும் மெழுகும் மலைவிளை பொருள்களும் சேகரித்து வந்த அம்மலையில், 1990-களில் தொடங்கிய கோத்தகிரி கீஸ்டோன் நிறுவனத்தின் துணையோடு வளர்ந்து, 2013-இல் தனித்தொரு கம்பெனியாகப் பதிவுபெற்ற ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனத்தில், 147 கிராமங்களைச் சேர்ந்த சுமார் 1,700 பேர் பங்குதாரர். நிர்வாகமும் பழங்குடியினர் கையிலேயே இருக்கிறது. 2021-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு அதற்குக் கிடைத்தது. அங்கே இளைஞருக்குத் தேனெடுப்பதைத் தவிரவும் வேலை உண்டு. தரம் பார்த்தல், கணக்கு, பொட்டலமிடுதல், கிராமத்துச் சேகரிப்பு மையத்தை நடத்துதல் எனப் படித்தவனுக்கும் அரைகுறையாய்ப் படித்தவனுக்கும் ஒவ்வோர் இடம் இருக்கிறது. இவ்விரண்டு சமூகத் தொழில்களுக்கும் உள்ள வேறுபாட்டின் வேர் மலையிலும் கடற்கரையிலும் இல்லை, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப் பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடியினருக்கு உடைமை உரிமையே தருகிறது. அதன் இலக்கணத்துள் தேனும் மெழுகும் அரக்கும் மூலிகையும் அடங்கும், பாம்பு அடங்காது. தேனெடுப்பவன் சட்டத்தின்முன் உரிமையாளன். பாம்பு பிடிப்பவன் அநுமதிபெற்ற ஆள். (நடைமுறையில் அந்த உரிமைப் பத்திரங்கள் தமிழ்நாட்டில் வெகுகாலம் வழக்குகளால் தேங்கிக் கிடந்தன என்பதையும், காகிதத்தில் உள்ள உடைமை காட்டுக்குள் எப்போதும் செல்லுபடியாவதில்லை என்பதையும் மறந்து பேசுவதற்கில்லை.)

காடில்லாத பழங்குடி என்ற நிலையே திட்டம் தீட்டுவோருக்குப் பிடிபடுவதில்லை போலும். 2018-இல் மத்திய அரசு தொடங்கிய வன் தன் திட்டம், இருபது பேர் கொண்ட பதினைந்து சுய உதவிக் குழுக்களை ஒன்றுசேர்த்து 300 பேருக்கு ஒரு மையம் என அமைத்து, வனப் பொருளைப் பக்குவப்படுத்தி விற்கச் சொல்கிறது. காட்டோரத்தில் வாழ்வோருக்கு இது ஏற்ற ஏற்பாடாகலாம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய 1.9 இலட்சம் இருளர் இருக்கின்றனர். அவர்களுள் ஏரிக்கரையிலும் செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் காலந்தள்ளும் சமவெளிக் குடும்பங்களுக்கு எந்த வனத்திலிருந்து எந்தப் பொருளைக் கொண்டுவரச் சொல்வது? சூளை முதலாளியிடம் முன்பணம் வாங்கி, அது தீராமல் குடும்பத்தோடு கொத்தடிமையாகச் சிக்கியவர்களை வருவாய்த் துறையினர் மீட்டுக் கொணரும் செய்திகள் வடமாவட்டங்களில் புதியவையல்ல. மீட்கப்பட்டவர் பிழைக்க வழியின்றி மறுபடி முன்பணம் வாங்கப் போவதும் உண்டு. இதற்கு மாற்றாக, 2022-ஐ ஒட்டித் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் 'சிறகு' என்ற பெயரில் செய்த ஏற்பாடு குறிப்பிடத்தக்கது. மீட்கப்பட்டவர்களுக்குத் தையலும் ஊறுகாயும் கற்பிக்காமல், அவர்கள் ஏற்கெனவே நன்கறிந்த செங்கல் அறுக்கும் தொழிலையே அவர்களது உடைமையாக்கி, சூளையை அவர்களிடம் ஒப்புவித்து, அரசு வீட்டுத் திட்டங்களுக்கு அந்தக் கல்லை வாங்கச் செய்தார்கள். வித்தையும் நிச்சயமான கொள்முதலும் ஒருங்கே அமைந்ததனால், கடன் அங்கே கடைசியில் வரவேண்டிய சங்கதியாயிற்று.

கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழங்குடி இளைஞனுக்கு மானியக் கடன் உண்டென்று சுவரொட்டி சொல்கிறது. விண்ணப்பத்தோடு இணைக்கவேண்டிய பழங்குடிச் சான்றிதழுக்கு அவன் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கிறான். தந்தைக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். தந்தைக்கோ, பாம்பு பிடிக்கத் தெரியுமேயன்றித் தாம் இருளரென்று காகிதத்தில் நிரூபிக்க வழி தெரியாது. இதற்குமேல் இதை விவரிக்கத் தேவையில்லை. இந்த வாசற்படியில் தடுக்கியவர்களின் கதை தமிழ்ப் பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கிறது.

சங்கத்துக்கு மீள்வோம். அதைத் தோற்றுவித்தவர்களின் நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாயினும், அதன் அமைப்பில் படித்த இருளர் இளைஞனுக்கென்று ஓர் ஏணி வைக்கப்படவில்லை. தமிழ்நாடு அரசின் தொழில் வணிகத் துறையின் மேற்பார்வையில் இயங்கும் தொழிற் கூட்டுறவாகையால், பதிவேடும் கடிதப் போக்குவரத்தும் விலை பேசுவதும் இயல்பாகவே அலுவலகத்தைச் சார்ந்துவிட்டன. உறுப்பினரின் பங்கு பாம்பைக் கொணர்ந்து இனத்துக்கேற்ற விலையைப் பெற்றுச் செல்வதோடு பெரும்பாலும் முடிந்துபோகிறது. விஷப் பொடி மகாராஷ்டிரத்திலும் தெலங்கானாவிலும் உள்ள மருந்து நிறுவனங்களுக்குச் செல்கிறது. மதிப்பு கூடுவதெல்லாம் அங்கே. ஆக, பள்ளியிறுதி வரை படித்த மகன் சங்கத்தைப் பார்க்கும்போது அவன் கண்ணில் படுவது தந்தையின் கடப்பாரை ஒன்றே. உயிரைப் பணயம் வைக்கும் தொழில், ஆண்டு முழுவதும் கிடைக்காத அநுமதி, இவற்றுக்கு முன்னால் அருகிலுள்ள தொழிற்பேட்டையின் மாதச் சம்பளம் அவனுக்குச் சிறப்பாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அவனைக் குறைகூறுவதும் தகாது. பள்ளிக்கூடம் அவனை வளைகளிடமிருந்து பிரித்தது. படித்து முடித்தபின் தன் சமூகத்தின் தொழிலிலேயே அமர்ந்து பணிசெய்ய ஒரு நாற்காலியைச் சங்கம் போட்டு வைக்கவில்லை.

பெருமை கிடைக்காமலும் இல்லை. அமெரிக்காவின் புளோரிடாவில், அயல்நாட்டிலிருந்து வந்து பெருகி அங்குள்ள உயிரினங்களை அழிக்கும் பர்மிய மலைப்பாம்பைக் கண்டுபிடிக்க வல்லோர் தேவைப்பட்டபோது, 2017-இல் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே வரவழைக்கப்பட்டனர். முற்றிலும் புதிய நிலத்தில், முதற் சில வாரங்களிலேயே, 10-க்கும் மேற்பட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தனர். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இவ்விருது மகிழத்தக்கதே. ஆனால் அவர்கள் அறிந்தது அவர்களுக்குப்பின் யாரிடம் போய்ச் சேரும் என்ற கேள்வியை விருது தீர்த்துவைக்காது.

அந்தக் கேள்வி இப்போது அவசரமாகியிருக்கிறது. அதற்குக் காரணம் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் தலைமையிலான குழுவினர் அண்மைக் காலத்தில் வெளியிட்ட ஆய்வுகள், ஒரே இனத்துப் பாம்பாயினும் அதன் விஷம் பிரதேசத்துக்குப் பிரதேசம் வேறுபடுகிறதென்றும், ஆகவே தமிழ்நாட்டின் வடகோடியில் எடுத்த விஷத்தைக் கொண்டு செய்த மருந்து தொலைதூர மாநிலங்களில் கடிபட்டவருக்கு முழுப்பயன் தருவதில்லையென்றும் காட்டுகின்றன. பாம்புக்கடி மரணங்களை 2030-க்குள் பாதியாகக் குறைப்பதென்ற இலக்கோடு 2024 மார்ச்சில் மத்திய அரசு ஒரு தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. தமிழ்நாடு அதே ஆண்டு பாம்புக்கடியை அறிவிக்கைக்குரிய நோயாக்கியது. இவையெல்லாம் சேர்ந்து, விஷம் பல பிரதேசங்களில் எடுக்கப்படவேண்டும் என்ற முடிவை நோக்கியே செல்கின்றன. சங்கத்தின் தனியுரிமைக்கு இது ஆபத்து என்று அஞ்சுவோர் உண்டு, அந்த அச்சமும் பொருளற்றதன்று. எனக்கோ, இருளர் இளைஞனுக்கு இதைக் காட்டிலும் பெரிய வாய்ப்பு அண்மையில் வாய்த்ததில்லை என்றே தோன்றுகிறது. ராஜஸ்தானிலோ அஸ்ஸாமிலோ விஷச் சேகரிப்பு மையம் தொடங்குவோருக்குக் கட்டடமும் உறைநிலை உலர்த்தியும் விலைக்குக் கிடைக்கும். பாம்பைக் கொல்லாமல் பிடித்து, பானையில் நலமாக வைத்திருந்து, திரும்ப விடும் அநுபவம் நாட்டில் ஓரிடத்தில்தான் திரண்டிருக்கிறது. அந்த அநுபவத்தைக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியராக, மையத்தை நடத்தும் ஒப்பந்தக்காரராக, தரத்துக்குப் பொறுப்பேற்கும் ஆய்வுக்கூட உதவியாளராக இளைய இருளர் போகலாம். தண்டரையில் 1986 முதல் மூலிகை மருந்தும் நாற்றங்காலுமாக இயங்கிவரும் இருளர் பழங்குடி மகளிர் நலச் சங்கம், கைத்தொழில் அறிவை நிர்வாக அறிவாக வளர்த்துக்கொள்ள இச்சமூகத்தால் இயலும் என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டுகிறது.

இதன் பொருட்டுச் செய்யவேண்டியவை பெரிய காரியங்களுமல்ல. வனத்துறையின் அநுமதி ஆண்டுக்கொரு முறை என்பதற்குப் பதிலாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை, இடையில் பாம்பின் தொகையைக் கணக்கெடுத்துத் திருத்திக்கொள்ளும் நிபந்தனையோடு, வழங்கப்படலாம்; அந்தக் கணக்கெடுப்பையே இருளர் இளைஞரிடம் கூலிக்கு ஒப்புவித்தால், பல்கலைக்கழகத்துக்கும் கிட்டாத துல்லியம் கிட்டும். சங்கத்தின் துணைவிதிகளைத் திருத்தி, கணக்கர், ஆய்வுக்கூடப் பணியாளர், விற்பனை அலுவலர் ஆகிய இடங்கள் உறுப்பினர் குடும்பத்துப் படித்த பிள்ளைகளுக்கே உரியன என்று எழுதிவைக்கலாம். இன்று தகுதி போதாதென்றால் இரண்டாண்டுப் பட்டயப் படிப்புக்குச் சங்கத்தின் இலாபத்திலிருந்து செலவிடலாம். விடுமுறை நாட்களில் மூத்தோரோடு தடம் தேடப் போகும் மாணவருக்குச் சிறு உதவித்தொகை கொடுக்கலாம். இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. தொழில் வணிகத் துறையும் வனத்துறையும் பழங்குடியினர் நலத்துறையும் சங்கத்தின் பொதுப்பேரவையை எதிரே அமர்த்திக்கொண்டு ஒரு நாள் பேசினால் வரைவு தயாராகிவிடும்.